கழியைத் தட்டிப் பாருங்கள்!

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கட்டு சாய்ந்து நிற்கும். நாலு கழி, ஒரு நீலத் தார்ப்பாய், ஒரு சுருணை நைலான் கயிறு. முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறவர்கள், "என்னங்க இது, கூடாரமா? டூர் கீர் போறீங்களா?" என்று கேட்பார்கள். டூரும் இல்லை, ஒன்றும் இல்லை. என் மாமியார் தெருவோரம் உட்கார்ந்து மீனும் கருவாடும் விற்கிற நிழல் அது. காலையில் கட்டோடு போகும், சாயங்காலம் கட்டோடு திரும்பி வரும்.

கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் கட்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். கருவாட்டு வாசனை, தரையில் ஈரம், பெருக்கப் போனால் இடைஞ்சல். வீட்டில் பண்டிகை என்றால் முதலில் அதைத்தான் கண்ணில் படாமல் ஒளித்து வைப்பேன். அந்தக் கழிகளிலும் வீட்டுப் பெண்கள் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது என்று எனக்குப் புத்தி வந்தது 2022-ம் வருஷம் ஆடி மாதத்தில்தான். சும்மா வரவில்லை, ஒரு கைக்குழந்தைக்குப் பெரிய ஆபத்து வந்து விலகிய பிறகு வந்தது.

எங்கள் ஊர் காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர் இது. காலெட்பேட்டைதான் ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. இப்போது 2021-லிருந்து மெட்ரோ ரயில்கூட நிற்கிறது. கிழக்கே நடந்தால் கடல். மேற்கே மணலிப் பக்கம் தொழிற்சாலைகள். இந்தக் காற்றில் இரும்பு என்று எதை வைத்தாலும் தாங்காது. ஜன்னல் கம்பி, பீரோ கீல், காஸ் அடுப்பு ஸ்டாண்டு எல்லாம் நாலைந்து வருஷத்தில் பொரிந்துவிடும். இரும்பு துருப்பிடிக்க ஈரமும் காற்றும் போதும். உப்பு சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நாம் காய்ந்துவிட்டது என்று நினைப்போம், அது உள்ளுக்குள் நசநசத்துக்கொண்டே இருக்கும். புகையிலிருக்கும் கந்தக வாயுவும் சேர்ந்தால் இன்னும் வேகம்.

அத்தையின் பழைய கழிகள் இரும்பு இல்லை. நான் வந்தபோது சவுக்குக் கழி. பட்டையை உரித்து, மண்ணில் படுகிற அடிப்பாகத்தில் தார் பூசி வைத்திருப்பார். மாதம் ஒரு தடவை தலைகீழாகத் திருப்பிக் கட்டுவார். எப்போதும் ஒரே முனை ஈரத்தில் நின்றால் அது சீக்கிரம் இற்றுப்போகும் என்பது அவர் கணக்கு. சவுக்கு கனமாக இருக்கிறது, தூக்க முடியவில்லை என்று பிறகு மூங்கிலுக்கு மாறினார். கடையில் நின்று, இளசை ஒதுக்கி, முற்றின கல் மூங்கிலாகப் பார்த்து எடுப்பார். அப்படியே உபயோகிக்க மாட்டார். இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்த பிறகுதான் தார்ப்பாய் ஏறும். மூங்கிலுக்குள் இருக்கிற மாவுச்சத்துக்குத்தான் வண்டு வருகிறது. ஊறினால் அந்தச் சத்து கரைந்துபோகும், வண்டு அவ்வளவாகச் சீண்டாது. கழியின் காலடியில் கோதுமை மாவு மாதிரி தூள் கொட்டிக் கிடந்தால், "உள்ள பூந்துட்டான்" என்று அந்தக் கழியை அடுப்புக்கு அனுப்பிவிடுவார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. காலையில் கட்டைப் பிரித்ததும் ஒவ்வொரு கழியையும் விரல் முட்டியால் மேலிருந்து கீழே வரை தட்டிக்கொண்டே போவார். சந்தையில் பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்களே, அப்படி. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் மூங்கில் கட்டு வீட்டு மாடியில் இருந்தது. புயல் ஓய்ந்து போய்ப் பார்த்தால், மூன்று கழி முறிந்து கிடந்தது. அடுத்த வருஷம் என் கணவர், "இனிமே மூங்கில் கீங்கில் வேணாம். இரும்பு பைப்பு போட்டுட்டா ஆயுசுக்கும் கவலையில்லை" என்று ஒன்றேகால் அங்குல பைப்பில் நாலு கழி செய்துகொண்டு வந்தார். முன்னால் நிற்கிற இரண்டும் ஏழடி, பின்னால் இரண்டும் ஆறடி. மழைத் தண்ணீர் பின்பக்கம் வழிந்துபோக. தூக்கிப்போக வசதியாக நடுவில் கழற்றி மாட்டும் சாக்கெட். அடிக்கு, சிமென்ட் நிரப்பின பழைய பெயிண்ட் டின் நாலு. டின் நடுவில் ஒரு குழாய்த் துண்டு பதித்திருக்கும், அதில் கழியைச் சொருக வேண்டியதுதான்.

அத்தை புதுக்கழியைத் தட்டிப் பார்த்தார். 'ணங்' என்றது. "இரும்போட பாஷை எனக்குத் தெரியாதும்மா. இனிமே இதை நீ பார்த்துக்கோ" என்று என்னிடம் விட்டுவிட்டார். நானும் பெருமையாக ஒப்புக்கொண்டேன்.

எப்படிப் பார்த்துக்கொண்டேன் தெரியுமா? வாரம் ஒரு தடவை போர் தண்ணீரில் கழுவினேன். எங்கள் வீட்டுப் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு உப்பு. கருவாட்டு உப்பைக் கழுவுகிறேன் என்று இன்னொரு உப்பைப் பூசிக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் பொங்கலுக்கு வீட்டுக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது மிச்சமிருக்கிற பச்சை பெயிண்டைக் கழிகளுக்கும் அடித்தேன். துருவைச் சுரண்டவில்லை, தேய்க்கவில்லை. அதன் மேலேயே ஒரு கோட்டிங். பார்க்கப் பளபளவென்று இருக்கும். அக்கம்பக்கத்தில்கூட, "மாமியா கடை புதுசு மாதிரி இருக்கே" என்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அன்று ஞாயிற்றுக்கிழமை, வியாபாரம் நல்ல சூடு. நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். இடுப்பில் ஒரு குழந்தையோடு இளம்பெண் ஒருத்தி நெத்திலி விலை கேட்டுக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு எட்டு ஒன்பது மாதம் இருக்கும். மண்ணை வாரிக்கொண்டு ஒரு காற்று வந்தது. தார்ப்பாய் குடை மாதிரி உப்பி மேலே எழும்பியது. 'படக்'கென்று ஒரு சத்தம். முன்பக்கத்துக் கழி ஒன்று டின்னுக்குக் கொஞ்சம் மேலே முறிந்து, அப்படியே சாய்ந்தது. அந்தப் பெண் திரும்பிக் குழந்தையை மறைத்துக்கொண்டாள். கழி அவள் முழங்கையில் இடித்துக் கிழித்துக்கொண்டு கீழே விழுந்தது. குழந்தையின் தலைக்கும் அந்த இரும்புக்கும் ஒரு சாண் இடைவெளிதான்.

எனக்குக் கைகால் ஓடவில்லை. அத்தைதான் எழுந்து ஓடினார். குழந்தையைத் தடவித் தடவிப் பார்த்தார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடும்மா. கழியைச் சரியா பாக்காம நட்டது நான்தான். என் தப்பு" என்று சொன்னார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். பெயிண்ட் அடித்தவள் நான், பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவள் நான். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

அவளை ஆட்டோவில் பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். போகும் முன் யாரோ காபித்தூளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நல்ல வேளையாக அத்தை தடுத்து, நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவினார். அங்கே டாக்டரம்மா அதைத்தான் பாராட்டினார். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் திறந்த புண்ணில் வைக்கக் கூடாதாம். குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வர வேண்டுமாம். "துரு பட்டா ரணஜன்னி வருமா டாக்டர்?" என்று கேட்டேன். துருவினால் வருவதில்லை என்றார். அந்தக் கிருமி மண்ணிலும் தூசியிலும் சாணத்திலும் இருக்கிறது. ஆழமான காயத்தில், காற்றுப் படாத இடத்தில் அது வளரும். துருப்பிடித்த சாமான் பெரும்பாலும் மண்ணில் கிடப்பதால்தான் அந்தப் பெயர் துருவுக்கு வந்துவிட்டது. ஆகையால் காயம் துருவினாலோ, முள்ளினாலோ, கடைசியாக ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கர்ப்பமாக இருந்தபோது போட்ட ஊசி ஞாபகம் இருந்தது. நம்மில் எத்தனை பேருக்கு அதற்கப்புறம் போட்ட ஊசி ஞாபகம் இருக்கிறது?

முறிந்த கழியை மறுநாள் வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் அடித்துண்டை நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். எனக்கு மயக்கமே வந்துவிட்டது. வெளியே பச்சை பளபளவென்று இருக்கிறது. உள்ளே துரு அப்பளம் அப்பளமாக ஏடு விட்டிருக்கிறது. இரும்பு, காகிதம் கனம்கூட இல்லை.

"இந்த டின் குழாய்ல தண்ணி போக வழியே இல்லையேம்மா. மழைத் தண்ணி, மீன் கழுவுற தண்ணி, ஐஸ் கரைஞ்ச தண்ணி எல்லாம் இதுல நின்னு ஊறுது. கழி உள்பக்கமா அரிக்குது. நீங்க வெளியில பெயிண்ட் அடிச்சா உள்ள இருக்கிறதுக்குத் தெரியுமா?" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது சுருக்கென்றது.

அன்று இரவு அத்தைக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, "தப்பு என்னோடதுதானே அத்தை, ஏன் உங்க மேல போட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது. அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "பொங்கலுக்கே உன் நகத்துல பச்சை பெயிண்ட்டைப் பாத்தேன். சுரண்டாம அடிக்கிறாளேன்னு நினைச்சேன். சொன்னா வருத்தப்படுவியேன்னு விட்டுட்டேன். அஞ்சு வருஷமா நானும் தட்டிப் பாக்கலையே. அப்போ தப்பு யாருது?" என்றார். பிறகு, "அழுதா ஆச்சா? கழி வேணும். அதைப் பாரு" என்றார்.

பார்த்தேன். இப்போது எங்கள் வீட்டில் இருப்பது ஜி.ஐ. பைப். இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும். துத்தநாகம் முதலில் தன்னை அரிக்கக் கொடுத்து, இரும்பைக் காப்பாற்றும். ஆனால் அறுத்த முனையிலும், போல்ட்டுக்குத் துளை போட்ட இடத்திலும் அந்தப் பூச்சு இருக்காது. அங்கே துத்தநாகப் பெயிண்டைத் தொட்டு வைத்திருக்கிறோம். கழியின் தலைக்கு ரப்பர் மூடி போட்டாயிற்று, மழை உள்ளே இறங்காது. அடியை மூடக் கூடாது. உள்ளே போகிற கொஞ்ச ஈரம் வெளியேற வழி வேண்டும். சிமென்ட் டின்னையும் புதிதாக வார்த்தோம். பிளாஸ்டிக் குழாயை அடி வரை விட்டு, டின்னின் அடியிலும் ஓட்டை. தண்ணீர் நிற்காது.

தினமும் சாயங்காலம் கழிகளைப் பழந்துணியால் துடைத்து, சாக்கெட்டைக் கழற்றித்தான் வைப்போம். மாட்டியபடி விட்டால் உப்பு பூட்டுப் போட்டுவிடும். அப்படி மாட்டிக்கொண்டால் சுத்தியால் அடிக்காதீர்கள், வாய் நசுங்கிவிடும். இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் பொறுத்துத் திருகினால் கழன்றுவிடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மெழுகுவர்த்தித் துண்டை சாக்கெட்டில் தேய்த்து வைத்தாலும் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

வெள்ளிக்கிழமை மீன் வியாபாரம் மந்தம். அன்று ஒரு குடம் நல்ல தண்ணீரில் குளியல். குடிக்கிற தண்ணீரைக் கழிக்குக் கொட்டுவதா என்று முதலில் மனசு வரவில்லை. 2019 கோடையில் ஒரு குடத்துக்கு லாரிப் பின்னால் ஓடினவர்கள் நாம்தானே? ஆனால் ஈரத் துணியைப் பிழிந்து பிழிந்து துடைத்தால் நாலு கழிக்கும் அரைக் குடம் போதுமானதாக இருக்கிறது. கழுவினதும் சாய்த்து, தண்ணீர் வடிந்த பிறகு வெயிலில் வைப்பேன்.

வருஷத்துக்கு ஒரு முறை பெரிய வேலை புரட்டாசியில். பாதி ஊர் மீனைத் தொடாது, அத்தைக்கும் ஓய்வு. ஐப்பசி மழை வருவதற்குள் எல்லாவற்றையும் முடிக்க இதைவிட நல்ல மாதம் இல்லை. தார்ப்பாயின் கண் பிய்ந்திருக்கிறதா, கயிறு வெயிலில் நைந்து பொடிகிறதா, போல்ட் மரை தேய்ந்ததா என்று பார்ப்போம். துரு எட்டிப் பார்த்தால் கம்பி பிரஷால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகுதான் பெயிண்ட்.

காற்று கிளம்பினால் கழியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதையும் கற்றுக்கொண்டோம். காற்று வருகிற பக்கத்துக் கயிற்றை முதலில் அவிழ்த்துவிட வேண்டும். தார்ப்பாய் கொடி மாதிரி படபடக்குமே தவிர, கழியைப் பிடுங்காது. அதனால் இழுத்தால் அவிழ்கிற சுருக்கு முடிச்சுத்தான் போடுகிறோம். இரும்புக் கழியை நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு மின்கம்பி அடியில் போவதும் இல்லை. தெருவோரப் பில்லர் பாக்ஸில் சாய்த்து வைப்பதும் இல்லை.

என் நாத்தனார் பையன் கனடாவில் டொரோண்டோவில் வேலையாக இருக்கிறான். போன குளிர்காலத்தில் வீடியோவில் ஒரு காட்சி காட்டினான். சிம்கோ என்று பெரிய ஏரியாம், அப்படியே உறைந்து கிடக்கிறது. அதன் மேல் துணிக் குடில் போட்டு, பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே உட்கார்ந்து தூண்டில் விடுகிறார்கள்.

"ஐஸ் மேலயா கொட்டாய்? நமக்குக் கொட்டாய்க்குள்ளதானேடா ஐஸ் இருக்கும்!" என்று அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஆனால் அடுத்த கேள்வியே, "கழி என்ன கழி?" என்பதுதான். கண்ணாடி நார்க் கழியாம். லேசு, துருப்பிடிக்காது. ஆனால் கடுங்குளிரில் அவசரமாக வளைத்தால் விரிசல் விடும். விரிந்தால் சிலாம்பு கையில் ஏறும், உறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். ஏரியில் இருந்து ஈரத்தோடு மடித்துக் கொண்டுவந்த குடிலை வீட்டில் திரும்ப விரித்துக் காயவைக்காவிட்டால் துணி பூசணம் பிடிக்கும், மூட்டு இறுகிவிடும் என்றான். அவனே ஒரு தடவை சோம்பல்பட்டு, கழி ஒன்றை உடைத்துக்கொண்டானாம்.

"எந்த ஊரா இருந்தா என்னடா, வீட்டுக்கு வந்ததும் துடைச்சு வைக்கணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் அத்தை.

அந்தப் பெண் மறுபடி எப்போது வருவாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். தை மாதம் வந்தாள். குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நடக்கிறது. அவள் முழங்கையில் வெள்ளையாக ஒரு தழும்பு. நான் அன்றைக்குச் சொல்லாததைச் சொன்னேன். "கழியைப் பாத்துக்க வேண்டியவ நான்தாம்மா. துரு மேலயே பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தேன்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நிமிர்ந்து நாலு கழியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இப்போ கெட்டியா இருக்கா அக்கா?" என்று கேட்டாள். "இருக்கு" என்றேன். குழந்தையை நிழலுக்குள் இழுத்துக்கொண்டாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டில் மீன்கடைக் கழி இருக்காது. ஆனால் குழந்தையின் தூளி தொங்குகிற இரும்பு ஸ்டாண்டு இருக்கும். ஊஞ்சல் கொக்கி இருக்கும். கொசுவலைக் கம்பி, துணி உலர்த்தும் கம்பி, மொட்டை மாடிக் கைப்பிடி இருக்கும். பெயிண்ட் அழகாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். தரையைத் தொடுகிற இடத்தையும், மூட்டையும், தண்ணீர் நிற்கிற இடத்தையும் ஒரு தடவை குனிந்து பாருங்கள். விரலால் தட்டுங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்று கணீரென்று சொல்லும். உள்ளே இற்றது 'சொத்' என்று சொல்லும். கூடவே துரு உதிர்கிற சத்தமும் கேட்கும். சந்தேகமாக இருந்தால் அன்றைக்கே தூளியை அவிழ்த்துவிடுங்கள். குழந்தை ஒரு நாள் பாயில் தூங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போதெல்லாம் காலையில் கட்டைப் பிரிப்பது நான்தான். ஒவ்வொரு கழியாக மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வருவேன். அத்தை கூடையைக் கழுவிக்கொண்டே காது கொடுத்துக் கேட்பார். நாலாவது கழியும் 'ணங்' என்ற பிறகுதான், "சரி, கிளம்பலாம்" என்பார்.